ஆறிவிட்டது என்று சொன்ன கை

பூங்காவின் பார்வையாளர் கூடத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு கையின் படம் மாட்டியிருந்தது. முகம் இல்லை, தோள் இல்லை. சாம்பலுக்கு ஒரு விரற்கடை மேலே மல்லாத்திப் பிடித்த வலது கை மட்டும். கீழே ‘காட்டைக் காக்கும் கை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரி அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவளுடைய சம்பந்தி பார்ப்பார். பார்த்துவிட்டு, பக்கத்தில் யார் இருந்தாலும் ஒரே வசனத்தைச் சொல்வார்.

“சாம்பல்கிட்ட என்னமோ கை நீட்டிக் கேக்கிற மாதிரி இருக்கு. குடுத்துச்சா சம்பந்தி?”

“குடுத்திருந்தா உங்களுக்கு ஒரு நல்ல ரம்பம் வாங்கித் தந்திருப்பேன். இப்ப இருக்கிறது கத்துறது ஜாஸ்தி, அறுக்கிறது கம்மி. ஆளை மாதிரியே.”

அவளைப் பூங்காவில் எல்லோரும் புறங்கை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்திரண்டு. கணவர் போன பிறகு, கைக்குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, நடைபாதையில் புல் செதுக்கும் வேலைக்கு வந்தவள். இரண்டு வருஷத்தில் தீக்குழுவுக்கு மாற்றினார்கள். ஒன்பது பேர் கொண்ட குழு. வறண்ட காலத்தில் மழையில்லாத இடி இடிக்கும். மின்னல் ஏதாவது ஒரு மேட்டு மரத்தில் இறங்கும். குழு மலையேறிப் போய் மரத்தைச் சுற்றி மண் தெரியும் வரை கோடு வெட்டி, உள்ளே எரிவதை அணைத்துவிட்டு இறங்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அணைந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கு அப்போது ஒரு வழியும் கிடையாது. தண்ணீர் ஊற்றுவார்கள், புகை நின்றால் கிளம்பிவிடுவார்கள்.

அவள் சேர்ந்த மூன்றாவது வருஷம், அப்படிக் கிளம்பி வந்த ஒரு மரம் இரண்டு நாள் கழித்து மறுபடி எரிந்தது. அன்றிலிருந்து அவள் மண்டி போட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டு, மரத்தடியைச் சுற்றி அரை அடிக்கு ஒரு தடவை சாம்பலுக்குள் புறங்கையை நுழைத்துப் பார்த்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளங்கை மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போயிருந்தது, அதற்குச் சூடு தெரியாது. புறங்கைத் தோல்தான் மெல்லியது. சுட்டாலும் உள்ளங்கை பிழைத்துக்கொள்ளும், மறுநாள் மண்வெட்டி பிடிக்கலாம். இப்படி யோசித்து அவளே கண்டுபிடித்த முறை. முதலில் சிரித்தார்கள். “அக்கா மரத்துக்குக் காய்ச்சல் பாக்கிறாங்க” என்றார்கள். மூன்று வருஷத்தில் அவள் பார்த்த மரம் ஒன்றுகூட மறுபடி எரியவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அவளைக் குழுத்தலைவி ஆக்கினார்கள்.

அதன் பிறகு ஒரு வழக்கம் தானாக வந்தது. அவள் முழுச் சுற்றும் பார்த்து முடித்ததும் “ஆறிடுச்சு” என்பாள். ஒரு மஞ்சள் நாடாவை மரத்தில் கட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவாள். நாடா கட்டிய மரத்தில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் கட்டின பிறகு கை வைப்பது அவள் முகத்தில் அறைவது போல என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சம்பந்தி அந்தக் குழுவின் ரம்பக்காரர். சங்கிலி ரம்பத்தை அவரைத் தவிர யாரும் தொட முடியாது. ஏழு வருஷம் முன்பு அவருடைய மகன், டவுனில் பஸ் ஓட்டுகிறவன், அவளுடைய மகளைக் கட்டிக்கொண்டான். அதிலிருந்து இருவருக்கும் நிம்மதி போயிற்று. வீட்டில் அவர் மாப்பிள்ளையின் அப்பா, அவள் பெண்ணைக் கொடுத்தவள். நாற்காலியை அவருக்குத்தான் நகர்த்திப் போட வேண்டும். மலையில் அவள் தலைவி. எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அவரிடம் அவள்தான் சொல்ல வேண்டும். வீட்டில் விட்டுக்கொடுத்ததை மலையில் வாங்கிக்கொள்வாள். மலையில் கேட்டுக்கொண்டதை அவர் வீட்டில் திருப்பிக் கொடுப்பார். மகளும் மாப்பிள்ளையும் இதைப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அந்த வருஷம் வெயில் கடுமையாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழையில்லாமல் இடித்தது. தெற்கு முகட்டில் ஒரு பெரிய ஊசியிலை மரத்தில் மின்னல் விழுந்ததைக் கம்பியில்லாத் தகவல் அறையிலிருந்தே பார்த்தார்கள். புதன்கிழமை காலை குழு ஏறியது. மரத்தின் உச்சியிலிருந்து அடி வரை பட்டையை உரித்துக்கொண்டு ஒரு கோடு சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது. அடியில் பத்தடி வட்டத்துக்குச் சருகு எரிந்துகொண்டிருந்தது. பெரிய தீ இல்லை. மூன்று மணிக்குள் கோடு வெட்டி, தண்ணீர் அடித்து, கிளறி முடித்துவிட்டார்கள். அவள் மண்டி போட்டாள்.

மற்றவர்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி மரத்துக்குத் தெற்கே பன்னிரண்டு எட்டு தள்ளி ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். அது அவருடைய வழக்கம். ரம்பம் அணைந்தால் சிகரெட் எரியும். துண்டையும் சாம்பலையும் ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு மூடி, சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். காட்டில் ஒரு துண்டுகூடக் கீழே போட்டதில்லை.

அவள் சுற்றி முடித்து, “ஆறிடுச்சு” என்று நாடாவைக் கட்டினாள். வாக்கி டாக்கியை எடுத்துத் தகவல் அறைக்குச் சொல்லப் பொத்தானை அழுத்தினாள். அப்போது சம்பந்தி எழுந்து மரத்தின் வடக்குப் பக்கம் வந்து மூக்கை உறிஞ்சினார்.

“சம்பந்தி, ஏதோ வாடை வருதே. வேர் பக்கம்.”

குழு முழுக்க நின்று பார்த்தது. நாடா கட்டின மரம்.

“உங்க சிகரெட் வாடையா இருக்கும். போய் மூஞ்சியக் கழுவுங்க” என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். பொத்தானை அழுத்தியிருந்த விரலை அவள் எடுக்கவில்லை. தகவல் அறையில் இருந்த பெண் வாக்கி டாக்கியில் கேட்பதையெல்லாம் எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பெண் எழுதினாள்: ‘பிற்பகல் 3.40. தெற்கு முகட்டு மரத்தடியில் சிகரெட் வாடை. தகவல்: குழுத்தலைவி.’

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெற்கிலிருந்து காற்று எழும்பியது. ஒரு மணி நேரத்தில் முகட்டுக்கு மேலே புகை நின்றது. இரண்டாவது மணி நேரத்தில் தீ வடக்குச் சரிவில் இறங்கி, பள்ளத்தாக்கு முழுவதையும் வாரிக்கொண்டது. ஆறு நாள் எரிந்தது. பயணிகள் தங்கும் குடில்கள் பதினாலும், மரப்பாலமும், பழைய காவல் கொட்டகையும் போயின. ஆள் சேதம் இல்லை. பார்வையாளர் கூடம் தப்பியது, அதில் படமும் தப்பியது. ஏழாம் நாள் காற்று திரும்பியதும் தீ தன் சாம்பலிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆறு நாளும் அவள் உட்காரவில்லை. புருவம் கருகியிருந்தது, குரல் போயிருந்தது. யாரும் அவளிடம் நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவேயில்லை.

அடுத்த வாரம் ரேஞ்சர் குழுவைக் கூப்பிட்டுச் சொன்னார். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். முதல் அறிக்கை தயார். மின்னல் தீ புதன்கிழமையே அணைந்துவிட்டது, நாடா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எரிந்தது வேறு தீ. மரத்தடியில் யாரோ புகைத்திருக்கிறார்கள், அதற்குத் தகவல் அறைப் பதிவேடே சாட்சி. குழுவில் புகைப்பவர் ஒருவர்தான். அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறது. விசாரணை முடிந்ததும் நீக்க உத்தரவு வரும். குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும்.

எல்லோரும் சம்பந்தியைப் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்த தகர டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். 

“சார், அது நான் கிண்டலுக்குச் சொன்னது” என்றாள் அவள்.

“பதிவேட்டுல கிண்டல்னு எழுதலையே அக்கா” என்றார் ரேஞ்சர். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிடிக்காவிட்டாலும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகள் டவுனிலிருந்து வந்தாள். வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“என்னம்மா சொல்லி வெச்சிருக்க? மாமா காட்டுல சிகரெட்டைப் போட்டாருன்னு நீதான் சொன்னியாமே.”

“போட்டாருன்னு சொல்லல. வாடைன்னு சொன்னேன்.”

“அதான். உன் வாய்தான். ரெண்டு பேரும் குழாயடிச் சண்டை மாதிரி போட்டுக்கிட்டு இருந்தீங்க, நாங்களும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். இப்ப அவரை வீட்டை விட்டு வெளிய போகச் சொல்றாங்க. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த வீட்டுல சோறு போடறது?”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்புப் பெட்டிக்குள் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. துணி எடுக்காமல் அடுப்புப் பெட்டியைத் திறந்து, தட்டை வெளியே இழுத்தாள். வலது புறங்கை மேல் கம்பியில் சாய்ந்தபடி இருந்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டு இரண்டாவது தட்டை எடுத்தாள்.

“அம்மா! கை!” என்று மகள் அலறினாள். தோல் கருகும் நாற்றம் புறங்கை அக்காவுக்கு அப்போதுதான் எட்டியது. புறங்கையின் குறுக்கே ஒரு சிவந்த கோடு விழுந்திருந்தது. நடுவில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அவள் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

மகள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, “வலிக்கலையா?” என்றாள்.

“இல்ல.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் அரைகுறையாக எதையும் நம்புகிறவள் இல்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஆவி வரும் மூக்கின் மேலே முதலில் இடது புறங்கையைக் காட்டினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு வலது கை. இருந்தது. மகள் கையைப் பிடித்து இழுக்கும் வரை அங்கேயே இருந்தது.

“எப்பலேர்ந்தும்மா?”

“தெரியல. அதான் பயமா இருக்கு.”

இருபத்துநாலு வருஷம் சூட்டுக்குள் விட்டு எடுத்த கை. சுடுவது குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கை பழகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். அனுபவம் என்று குழு நினைத்திருந்தது. உண்மையில் கையில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவள் யாருக்கும் சொல்லாமல் தெற்கு முகட்டுக்கு ஏறினாள். மரம் கரிக்கட்டையாக நின்றது, நாடா எரிந்துபோயிருந்தது. தெற்குப் பக்கம் போய் முதலில் தட்டைப் பாறையைப் பார்த்தாள். பாறையைச் சுற்றிப் புல் மஞ்சளாகக் காய்ந்து அப்படியே நின்றது. பாறைக்கும் மரத்தைச் சுற்றி வெட்டிய கோட்டுக்கும் நடுவில் ஒரு புல்லும் எரியவில்லை. சம்பந்தி உட்கார்ந்திருந்த இடத்தில் தீ தொடங்கவே இல்லை.

பிறகு வடக்குப் பக்கம் மண்டி போட்டாள். அடிமரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் முழங்கை போகிற அளவுக்கு ஒரு துளை. தடித்த வேர் ஒன்று உள்ளேயே எரிந்து தீர்ந்து, தான் இருந்த வழியைக் காலியாக விட்டுவிட்டுப் போயிருந்தது. மண்வெட்டியால் மேல் மண்ணை நீக்கிக்கொண்டே போனாள். அந்தச் சுரங்கம் அவர்கள் வெட்டிய கோட்டுக்கு அடியில் புகுந்து, நாலு எட்டு தாண்டி வெளியே வந்தது. அங்கேயிருந்துதான் சரிவு முழுவதும் கறுத்திருந்தது. நாலு நாள் மின்னல் அந்த வேருக்குள் உட்கார்ந்திருந்து, காற்றுக்குக் காத்திருந்திருக்கிறது. அதன் வாயில் புதன்கிழமை மத்தியானம் அவள் கையை வைத்து, ஆறிவிட்டது என்றிருக்கிறாள்.

சம்பந்தி மூக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது.

இறங்கி வந்து நேராக அவர் குடியிருப்புக்குப் போனாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, இனி ஓட்ட முடியாத ரம்பத்தின் சங்கிலிப் பற்களை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கையைக் காட்டினாள். அவர் அரத்தைக் கீழே வைத்தார்.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப வாயை மூடிட்டு இருங்க. எனக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. மகன் வீட்டுல போய் உக்காந்துக்குவேன். உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. உங்க பேரு போச்சுன்னா இந்தப் பூங்காவுல உங்களுக்கு என்ன இருக்கு?”

“உங்க தயவுல எனக்குப் பேரு வேணுமா?”

“தயவு இல்ல. நம்ம பொண்ணுக்காகச் சொல்றேன்.”

“நம்ம பொண்ணு என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டா சம்பந்தி. நீங்க தியாகி ஆயிட்டு வீட்டுல சாய்வு நாற்காலியில உக்காருவீங்க. நான் வரும்போதெல்லாம் நாற்காலியை உங்களுக்கு நகர்த்திப் போட்டுக்கிட்டே இருக்கணும். சாகற வரைக்கும். அதெல்லாம் நடக்காது.”

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “பிடிவாதம்” என்றார்.

“நாளைக்கு விசாரணையில நீங்க எதையும் ஒத்துக்கக் கூடாது. நான் தலைவியாச் சொல்றேன்.”

“நான்தான் வேலையில இல்லையே. நீங்க எப்படித் தலைவி?”

“அப்ப சம்பந்தியாச் சொல்றேன். கேளுங்க.”

விசாரணை பார்வையாளர் கூடத்தில் நடந்தது. நீளமான மேஜை, நாலு நாற்காலி, ஒரு மின்சாரக் கெட்டில், காகிதக் கோப்பைகள். விசாரணை அதிகாரி மெலிந்தவர், மரியாதையானவர், பளபளப்பான சப்பாத்து போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தக் கை. ரேஞ்சர் பக்கத்தில் இருந்தார். சம்பந்தியைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

“உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா” என்று அதிகாரி ஆரம்பித்தார். “நாடா கட்டினதையும், சிகரெட் வாடை அடிச்சதையும் உறுதி பண்ணி ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அஞ்சு நிமிஷ வேலை.”

“மேல ஏறிப் பாத்தீங்களா சார்?”

“படம் எடுத்துக் குடுத்திருக்காங்க.”

“படத்தை நம்பாதீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடியும் ஒண்ணு மாட்டியிருக்கு. அதுவும் பொய்தான்.”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். திரும்பிய முகம் மறுபடி முன்னால் வருவதற்குள் அவள் சட்டையின் முழுக்கையைச் சுருட்டிவிட்டு, கொதித்து நின்ற கெட்டிலின் உடம்பில் வலது புறங்கையை அழுத்தி வைத்தாள்.

“எண்ணுங்க” என்றாள்.

ரேஞ்சர் எழுந்தார். “அக்கா, என்ன பண்றீங்க?”

“எண்ணுங்க சார். ஒண்ணு. ரெண்டு. மூணு.”

ஐந்தாவது எண்ணில் சம்பந்தி கதவோரத்திலிருந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பிறகு இடது கையின் ஒரு விரலை அதே இடத்தில் தொட்டாள். ‘ஸ்ஸ்’ என்று எடுத்துக்கொண்டாள்.

“இந்தக் கைக்கு எதுவும் தெரியாது. எப்பலேர்ந்துன்னு எனக்கே தெரியாது. இதை வெச்சுத்தான் புதன்கிழமை அந்த மரத்தைப் பாத்தேன். வேருக்குள்ள நெருப்பு இருந்துச்சு, நான் ஆறிடுச்சுன்னேன். இவரு வாடை வருதுன்னு சொன்னாரு. நான் எல்லாரு முன்னாடியும் இவரைக் கேலி பண்ணேன். அந்தக் கேலியைத்தான் நீங்க சாட்சின்னு கட்டி வெச்சிருக்கீங்க. எழுதிக்குங்க. தீ வெச்சது மின்னல். விட்டது நான்.”

 அதிகாரி பேனாவை மூடினார்.

“இதை எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? இத்தனை வருஷம் நீங்க கட்டின ஒவ்வொரு நாடாவையும் கேள்வி கேப்பாங்க. அணைஞ்சுதான்னு ஒரே ஒரு ஆளோட கையை நம்பினீங்களா, ரெண்டாவது ஆள் பாக்கலையான்னு இலாகாவையே கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். யாரும் கேக்காம விட்டதுனாலதான் பள்ளத்தாக்கே போச்சு.”

“சும்மா ஒரு கையைச் சுட்டுக் காட்டினா ஆதாரம் ஆயிடாது.”

“அதுக்குத்தான் மேல ஏறலாம்னு சொல்றேன். வேர் போன வழி இருக்கு. பாறையைச் சுத்தி எரியாத புல் இருக்கு. அடுத்த மழையில ரெண்டும் போயிடும். அதுக்கு முன்னாடி உங்க கண்ணால பாருங்க.”

“இந்தச் சப்பாத்துலயா?”

“கழட்டிட்டு வாங்க. குழுவுல பூட்ஸ் இருக்கு.”

“நான் வரலன்னா?”

“நீங்க எழுதின அறிக்கையில என் கையெழுத்து இருக்காது. நான் எழுதின அறிக்கை தலைமை அலுவலகத்துக்குத் தனியாப் போகும். எனக்கு அழகா எழுத வராது. ஆனா நீளமா எழுத வரும்.”

ரேஞ்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரிக்கிறாரா என்று அதிகாரி ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

வெளியே போகும் முன் அவள் சுவரருகே போய், இடது கையால் படத்தை ஆணியிலிருந்து எடுத்து, மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். அரசாங்கச் சொத்து என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் ஏறினார்கள். அதிகாரிக்கு இரண்டு இடத்தில் மூச்சு வாங்கியது, ஒரு இடத்தில் சறுக்கி விழுந்தார். சம்பந்திதான் தூக்கிவிட்டார். “பாத்து சார். இங்க விழுந்தா அதுக்கும் என் மேலதான் அறிக்கை வரும்” என்றார். மரத்தடிக்கு வந்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். உரிந்த பட்டைக் கோட்டை மேலிருந்து கீழே கண்ணால் தடவிக்கொண்டு வந்தார். எரியாத புல்லில் நடந்து பாறை வரை காலடி எண்ணினார். வேர்த் துளையில் ஒரு நீளக் குச்சியை விட்டார். குச்சி முழுவதும் உள்ளே போயிற்று. மண்டி போட்டு, சட்டைக் கையோடு தன் கையையும் விட்டார். எழுந்தபோது தோள் வரை கரி.

“ரம்பக்காரர் அந்த டப்பாவைக் காட்டுங்க” என்றார். சம்பந்தி காட்டினார். உள்ளே துண்டுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அதிகாரி மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அறிக்கை மாறியது. காரணம்: மின்னல். சம்பந்தியின் நிறுத்தம் நீங்கியது. புறங்கை அக்காவுக்கு வேறு உத்தரவு வந்தது. இனி அவள் நாடா கட்டக் கூடாது. குழுத்தலைமை போயிற்று. நுழைவாயிலில் பயணிகளுக்கு வரைபடம் கொடுக்கும் இடத்தில் உட்காரலாம், அவளுக்கு இஷ்டமிருந்தால். மகள் அன்று தொலைபேசியில் கூப்பிட்டு, “கைக்கு மருந்து போட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

அவள் உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு ரேஞ்சர் அறைக்குப் போனாள்.

“சார், இதுல இஷ்டமிருந்தான்னு போட்டிருக்கு. எனக்கு இஷ்டமில்ல.”

“அக்கா, கொஞ்ச நாள் கீழேயே இருங்க. இலாகா கண்ணு உங்க மேலயே இருக்கு.”

“நாடா கட்டக் கூடாதுன்னுதானே இருக்கு. மலை ஏறக் கூடாதுன்னு எங்க இருக்கு? மண்வெட்டி பிடிக்கக் கூடாதுன்னு எங்க இருக்கு? உள்ளங்கை நல்லாத்தான் இருக்கு. பாருங்க.”

ரேஞ்சர் பார்த்தார். உத்தரவில் அப்படி எதுவும் இல்லைதான். “கடைசி ஆளா ஏறுவீங்களா?” என்றார்.

“எந்த ஆளா வேணா ஏறுவேன்.”

இன்னொரு விஷயத்தையும் அவள் அன்று பேசி முடித்தாள். ஒரு மரத்துக்கு இரண்டு நாடா. முதல் ஆள் கட்டிய பிறகு இரண்டாவது ஆள் முழுச் சுற்றும் மறுபடி கை வைத்துப் பார்க்க வேண்டும், வேறு கையெழுத்துப் போட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் புறங்கையைக் கெட்டில் ஆவியில் காட்ட வேண்டும். குழுவில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. “நான் கட்டினதை இன்னொருத்தன் தொட்டுப் பாத்தா, என்னை நம்பலன்னு அர்த்தம்” என்று ஒருவர் முறைத்தார்.

“ஆமா, நம்பலதான்” என்றாள் அவள். “என்னையே நம்ப முடியல. நீ யாரு?”

மறு மாதம் கிழக்கு மேட்டில் மின்னல் விழுந்தது. அவள் குழுவின் வாலில் மண்வெட்டியோடு ஏறினாள். முன்னால் போன சம்பந்தி, முட்டி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்.

“எனக்காக மெதுவா நடக்காதீங்க” என்றாள்.

“யாரு உங்களுக்காக? எனக்கு வயசாகல?”

“மலையில மட்டும் வயசாகும். வீட்டுல நாற்காலி போடலன்னா எழுந்து குதிப்பீங்க.”

தீ சின்னது. கோடு வெட்டினார்கள், தண்ணீர் அடித்தார்கள். புதிய தலைவன் மண்டி போட்டுச் சுற்றி முடித்து முதல் நாடாவைக் கட்டினான். இரண்டாவது கை சம்பந்தியுடையது. அவர் கையுறையைக் கழற்றி, முனகிக்கொண்டே முழுச் சுற்றும் பார்த்தார். இரண்டாவது நாடாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள். எந்த உத்தரவும் அவளைக் கேட்கவில்லை, எந்த உத்தரவும் தடுக்கவும் இல்லை. இடது புறங்கையை மேற்குப் பக்கத்து வேரின் மடிப்பில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“கட்டாதீங்க சம்பந்தி. சூடு இருக்கு.”

தலைவன் முகம் சிவந்தது. “நான் பாத்தேன் அக்கா. அங்க ஒண்ணும் இல்ல.”

“நானும் பாத்தேன்” என்றார் சம்பந்தி.

“சரி. தோண்டுங்க.”

யாரும் அசையவில்லை. அவளே மண்வெட்டியை எடுத்து, வேரின் மடிப்பில் ஒரு சாண் ஆழம் இறக்கினாள். உள்ளே ஒரு எலுமிச்சை அளவுக்குக் கங்கு, காற்றுப் பட்டதும் கண் திறந்தது போலச் சிவந்தது.

சம்பந்தி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நாடாவை மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இனிமே இடது கையைப் படம் எடுத்து மாட்டுவாங்க பாருங்க” என்றார்.

“படமெல்லாம் வேணாம். தண்ணி ஊத்துங்க. ஊத்திட்டு நீங்க மறுபடி கை வெச்சுப் பாருங்க. அப்புறம் தலைவன் பாக்கட்டும். அப்புறம் நான் பாக்கிறேன்.”